மழை ஒன்று, நிவாரணம் இரண்டு!

புயலும் வறட்சியும் மாறி மாறி அடிக்கும் கோட்டக்குப்பம் – மரக்காணம் கரையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் பசி தொடங்குகிறது

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. பத்தரை மணிக்கு மேல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது ஃபெஞ்சல். கரையேறிய புயல் உள்ளே நகர்ந்து வலுவிழப்பதுதான் வழக்கம். இது நகரவில்லை. கடலோரத்திலேயே மணிக்கணக்கில் நின்று கொட்டித் தீர்த்தது. கோட்டக்குப்பத்தின் கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகளை அலைக்கு எட்டாத இடம் பார்த்து மேலே இழுத்து, ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வலைகளும் இன்ஜின்களும் வீட்டுக்குள் ஏறியிருந்தன. ஓலைக் கூரையின் மேல் போட்ட தார்ப்பாயைக் காற்று பிடுங்கும் சத்தத்தைக் கேட்டபடி ஜனங்கள் விடியும்வரை விழித்துக் கிடந்தார்கள்.

விடிந்தபோது கணக்கு வந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அதற்கு முன் அங்கே ஒரு நாளில் பெய்த பெருமழையாகச் சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31-ன் 21 சென்டிமீட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்கு ஒரே நாளில் இறங்கிவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். புதுச்சேரி கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. அடுத்த நாள் இரவு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது.

இதெல்லாம் அப்போதே நாளிதழ்களில் வந்த செய்திதான். கேமராக்கள் கிளம்பிய பிறகு இந்தக் கரையின் அடுப்படிகளில் என்ன நடந்தது என்பதுதான் வராத செய்தி.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. வெளியூர்க்காரருக்கு எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்றே தெரியாது. கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பெண் கொடுத்து, பெண் எடுத்து, உறவும் எல்லை தாண்டிப் பின்னிக் கிடக்கிறது. இங்கே குடியிருந்து அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

புயல் முடிந்ததும் புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாய் என்றது. தமிழ்நாடு அரசு, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் மழைநீர் சூழ்ந்து வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் என்றது.

அண்ணன் வீட்டுக்கு ஐயாயிரம், தம்பி வீட்டுக்கு இரண்டாயிரம் என்பதே கசப்புதான். ஆனால் தொகையைவிட அந்த நிபந்தனைதான் எனக்கு உறுத்துகிறது. ‘இரண்டு நாட்களுக்கு மேல் தண்ணீர் சூழ்ந்த’ என்கிற அளவுகோல் இந்தக் கரைக்குப் பொருந்துமா? கடலோரக் குப்பம் மணலில் உட்கார்ந்திருக்கிறது. மழை நின்றால் மணல் தண்ணீரைக் குடித்துவிடும். வாசலில் தண்ணீர் நிற்காது. ஆனால் அந்த வீட்டு ஆம்பிளை கடலுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நவம்பர் நான்காம் வாரத்திலேயே கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்துவிட்டது. ஃபெஞ்சல் புயலாக மாறுமா மாறாதா என்று வானிலைத் துறையே கடைசிவரை மாற்றி மாற்றிச் சொன்ன நாட்கள் அவை. அத்தனை நாளும் படகு கரையில்தான். மீன்கூடை தூக்குகிற பெண்ணுக்கும் அத்தனை நாளும் வியாபாரம் இல்லை. அங்கே சூழ்ந்தது மழைநீர் அல்ல, கடன்.

கரை இல்லாத கடற்கரை

கோட்டக்குப்பம் பக்கத்து மீனவர்களுக்குப் புயல் புதிதல்ல. புயலைத் தாங்கிக்கொள்ள இருந்த மணல்தான் இப்போது இல்லை. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கடலில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காகத்தான் நகர்கிறது. அந்த ஓட்டத்தைச் சுவர் மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. புதுச்சேரி நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு ஊராகக் கடல் தின்றது. கல் போட்ட இடம் தப்புகிறது, அடுத்த ஊர் மாட்டிக்கொள்கிறது.

இதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. மணல் இருந்தால் படகை ஏற்றி வைக்கலாம், வலையை உலர்த்திப் பழுது பார்க்கலாம், விற்காத மீனைப் பரப்பிக் கருவாடு போடலாம். மழைக்காலத்துக்கான சேமிப்பு என்பது இந்த வீடுகளில் வங்கிக் கணக்கு அல்ல, பானையில் கிடக்கும் கருவாடுதான். காயவைக்க மணல் இல்லையென்றால் அந்தச் சேமிப்பும் இல்லை. படகை ஏற்ற இடமில்லாத ஊரில் சின்னப் புயலே பெரிய நஷ்டத்தைக் கொடுக்கும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. மீன்வரத்து குறைந்த காலத்துக்குத் தனியாக உதவித்தொகை இருக்கிறது. இவை போராடிப் பெற்றவை. நல்ல திட்டங்கள். ஆனால் எச்சரிக்கையால் படகு கரையில் கிடக்கிற நாட்களுக்கென்று தனிக் கணக்கு எதுவும் இல்லை. உயிரைக் காக்கப் போடுகிற தடை, அதற்குக் கீழ்ப்படிகிறவன் வயிற்றில் விழுகிறது.

உப்பு கரைந்த கணக்கு

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் மரக்காணம். சாலையோரம் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டுக்கு உப்புக் கொடுக்கிற இடம். ஆந்திராவிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இங்கேதான்.

ஜனவரியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரைதான் உப்புக் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளம் வெறும் ஏரி. வாரிய உப்பை மேட்டில் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி வைப்பார்கள். மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்கலாம் என்பது சிறு உற்பத்தியாளரின் கணக்கு. ஃபெஞ்சல் மாதிரி ஒரு மழை அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். மேலே மூடியிருந்தாலும் அடியில் தண்ணீர் ஏறினால் குவியல் கீழிருந்து கரையும். நெல் நனைந்தால் முளைத்த நெல்லையாவது அதிகாரியிடம் காட்டலாம். உப்பு கரைந்தால் காட்ட எதுவும் மிஞ்சாது.

■ பெட்டிச் செய்தி: மழை நின்றால் மறுநாளே உப்பு விளையுமா?

விளையாது. கடல்நீரின் அடர்த்தி 3 டிகிரி போமே அளவில் இருக்கும். அதை வெயிலில் காய்ச்சி 25 டிகிரியை ஒட்டிக் கொண்டுவந்தால்தான் உப்பு படியும். வெள்ளம் புகுந்த பாத்தியில் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு வண்டலை அள்ள வேண்டும். வரப்புகளைத் திரும்பக் கட்ட வேண்டும். இளகிப்போன தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறு வரும், விலை போகாது. இவ்வளவும் முடிந்து உப்புநீர் கட்டி, அது முற்ற வாரக்கணக்கில் ஆகும். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் புயல் உப்பளத் தொழிலாளியின் டிசம்பரை மட்டும் தின்பதில்லை. ஜனவரியில் கிடைக்க வேண்டிய முதல் வேலையையும் தள்ளிப்போடுகிறது. ஏற்கனவே அக்டோபரிலிருந்து கூலி கிடையாது. அந்த மாதங்களை ஓட்ட முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வேலை தொடங்கியதும் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேலை தள்ளிப்போனால் முன்பணத்தின் மேல் முன்பணம். வெயிலில் கண் கூச, உப்புத்தண்ணீரில் கால் வெடிக்க உழைக்கிறவர்கள் அடுத்த பருவத்தின் கூலியை இந்தப் பருவத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

2022 முதல் தமிழ்நாடு அரசு உற்பத்தி இல்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தருகிறது. உப்பளத் தொழிலாளி என்று ஒருவர் இருக்கிறார், மழைக்காலத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று அரசு ஏட்டில் எழுதியதே பெரிய விஷயம். மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 55 ரூபாய் வருகிறது. அதில் ஒரு குடும்பம் என்ன சமைக்கும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மழை பொய்த்தால்?

இதே கரையின் இன்னொரு முகம் வறட்சி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ம் தேதி அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அதே பருவத்தில்தான், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. புயலும் வறட்சியும் ஆண்டு விட்டு ஆண்டு முறை வைத்துக்கொண்டு வருவதில்லை. ஒரே மாநிலத்தில் ஒரே மாதத்திலும் வருகின்றன.

வானூர், மரக்காணம் பக்கம் மல்லாட்டையும் (வேர்க்கடலை) நெல்லும் சவுக்கும் முந்திரியும்தான் நிலத்தின் வருமானம். மழை பொய்த்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் போர்வெல்லை ஆழப்படுத்துவார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் வரும். கிணறு ஒருமுறை உப்பேறினால் அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தாலும் உடனே மீளாது. இந்தக் கரைக்குப் பெரிய நீர்க்கிடங்காக இருக்க வேண்டியது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

வறட்சியில் உப்பு நன்றாக விளையுமே என்று கேட்கலாம். விளையும். எல்லா அளத்திலும் விளைவதால் விலை விழும். உப்பு வாரப் போகிற அதே பெண்தான் மற்ற நாட்களில் களை எடுக்கவும் மல்லாட்டை பறிக்கவும் போகிறாள். உப்பில் கிடைக்கிற கூலியைக் கழனியில் போன கூலி தின்றுவிடும்.

அரிசி இருக்கிறது, குழம்புக்கு வழியில்லை

ஒரு விஷயத்தைப் பெருமையாகவே சொல்ல வேண்டும். இந்தக் கரையில் புயலால் பட்டினிச் சாவு என்ற பேச்சு எழுவதில்லை. காரணம் ரேஷன் கடை. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் பொது விநியோகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றபோதும் எல்லாருக்கும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024 அக்டோபரில்தான் மறுபடி அரிசி போடத் தொடங்கினார்கள். வெள்ள நேரத்தில் கணக்கில் விழும் பணத்தைவிட மூட்டையில் இருக்கும் அரிசியின் மதிப்பு என்ன என்பது இந்த மக்களுக்குத் தெரியும்.

ஆனால் வெறும் சோறு உணவாகிவிடாது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம். நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இது புயல் இல்லாத நாளின் நிலவரம். கூலி நின்றால் வீட்டில் முதலில் குறைவது பருப்பு, பிறகு காய், பிறகு முட்டை. கடலோரத்து வீட்டிலேயே மீன் குறையும், ஏனென்றால் பிடிபட்ட கொஞ்சத்தையும் விற்றாக வேண்டும். கடைசியில் ரசமும் சோறும். யார் தட்டில் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் தட்டில்தான்.

பள்ளிக்கூடம் மூடுவது இதில் இன்னொரு அடி. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மதியம் சத்துணவும் முட்டையும். நாளுக்கு இரண்டு வேளை பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கிறது. ஃபெஞ்சல் நாட்களில் விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளுக்கு அடுத்தடுத்து விடுமுறை விட்டார்கள். பாதுகாப்புக்கு அது அவசியம்தான். ஆனால் வீட்டில் கூலி இல்லாத அதே நாட்களில் பிள்ளையின் இரண்டு வேளையும் வீட்டுக் கணக்கில் விழுந்தது. பள்ளி மூடினாலும் சத்துணவுக் கூடம் மூடக் கூடாது. சமைத்துக் கொடுக்க முடியாவிட்டால் அரிசி, பருப்பு, முட்டையாகக் கையில் கொடுக்கலாம். கொரோனா காலத்தில் உலர் பொருளாகக் கொடுத்தோமே!

மிச்சத்தைக் கடன் பார்த்துக்கொள்கிறது. மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணை, தெருமுனை அடகுக் கடை. புயல் வந்தது என்று தவணைக்காரர் வராமல் இருப்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: இந்தக் கரையை அடித்தவை

2004 டிசம்பர் 26: சுனாமி.
2011 டிசம்பர் 30: தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நட்டு வளர்ந்து காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் மரங்கள்.
2020 நவம்பர் 25-26: நிவர் புயல். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட கரையில் நள்ளிரவில் நுழைந்தது.
2022 டிசம்பர்: மாண்டஸ். மாமல்லபுரத்தில் கரையேறினாலும் இந்தப் பக்கக் கரையைக் கடல் அரித்தது.
2024 நவம்பர் 30: ஃபெஞ்சல்.

விதிப் புத்தகத்தில் இருப்பது

2,000 ரூபாய்தான் கொடுக்க முடியும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய உள்துறை 2022-23 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த விதிகளில் வேறொன்று இருக்கிறது. பேரிடரால் வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, கையில் உணவு இருப்பும் இல்லாத குடும்பத்தில் இரண்டு பெரியவர்களுக்கு, 100 நாள் வேலைக்கு அந்த மாநிலத்தில் என்ன கூலியோ அந்தத் தொகையை நாள்தோறும் கொடுக்கலாம். சாதாரணமாக 30 நாள் வரை. வறட்சி என்றால் அதையும் நீட்டிக்கலாம்.

2024-25-ல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி 319 ரூபாய். இரண்டு பேர், முப்பது நாள் என்றால் 19,140 ரூபாய். கேரளம் இதைச் செய்து காட்டியது. 2024 ஜூலை இறுதியில் நிலச்சரிவில் வயநாட்டு ஊர்கள் மண்ணில் புதைந்தபோது, வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களில் இரண்டு பேர் வரை நாளுக்கு 300 ரூபாய் வீதம் 30 நாள் கொடுக்க அந்த அரசு உத்தரவிட்டது. வயநாட்டின் அழிவும் விழுப்புரத்தின் அழிவும் ஒன்றல்ல. எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஃபெஞ்சலால் மாநிலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்று மாநில அரசே சொன்னது. எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் கூலி நின்றுபோனவர்களைத் தனியே அடையாளம் கண்டு அவர்களுக்காவது கொடுத்திருக்கலாம் என்பதும் நியாயமான பேச்சுதான். மீனவர் நல வாரியமும் உப்பளத் தொழிலாளர் நிவாரணப் பட்டியலும் அரசிடமே இருக்கின்றன. புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை.

மத்திய அரசின் பங்கையும் பேசாமல் விட முடியாது. தமிழ்நாடு உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. பிறகு மத்தியக் குழுவிடம் கேட்டது 6,675 கோடி. டிசம்பர் 6-ம் தேதி வந்த 944.80 கோடி, எப்படியும் வர வேண்டிய மாநில நிவாரண நிதியின் தவணைகள். தேசிய நிவாரண நிதியிலிருந்து 522.34 கோடிக்கு அனுமதி கிடைத்தது 2025 ஏப்ரல் 5 அன்று. நான்கு மாதம் கழித்து. புயலில் கூலி இழந்தவர் அதற்குள் எத்தனை வட்டி கட்டியிருப்பார்!

ஃபெஞ்சலில் சேதமான பயிருக்குச் சட்டென்று நிவாரணம் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், விதியில் பயிர் இருப்பதுதான். பாசன வசதியுள்ள பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஆனால் அது நிலம் வைத்திருப்பவருக்கு. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு அந்த வரியில் இடமில்லை. விதிப் பட்டியலில் விவசாயி இருக்கிறார், மீனவர் இருக்கிறார், கைத்தறி நெசவாளர் இருக்கிறார். உப்பளத் தொழிலாளி என்ற பெயர் இல்லை. கிராமப்புற வேலைத் திட்டமும் ஊராட்சிகளுக்குத்தான். கோட்டக்குப்பம் 2021-ல் நகராட்சியானது. அதற்கு முன் பேரூராட்சி. மரக்காணமும் பேரூராட்சி. வறட்சிக் காலத்தில் வேலை நாட்களை உயர்த்தினாலும் அது இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. நகராட்சி என்ற பெயர் வந்துவிட்டது, வாழ்க்கை குப்பத்து வாழ்க்கைதான்.

உலகம் இதை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறது. 2019 மார்ச்சில் மொசாம்பிக்கை அடித்த இடாய் புயல், மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கும் நேரத்தில் 7 லட்சம் ஹெக்டேரை மூழ்கடித்தது. புயலில் தப்பியவர்கள் அடுத்த பருவம்வரை உணவு உதவியை நம்பி வாழ்ந்தார்கள். மடகாஸ்கரின் தெற்கே 2021-ல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி. 2022 பிப்ரவரியில் அதே தீவைப் பட்சிராய் புயல் அடித்தது. நமக்குப் பக்கத்தில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. மலையகத் தமிழர்களின் லயன் வீடுகள் இருக்கும் மாவட்டங்களில்தான் மண்சரிவுகள் கடுமையாக இருந்தன. அங்கேயும் தேயிலை பறிக்கிற பெண்ணுக்கு நிலம் இல்லை. அதனால் பயிர் நஷ்டக் கணக்கிலும் அவர் இல்லை.

செய்ய வேண்டியவை என்று பெரிய பட்டியல் எதுவும் இல்லை. நிவாரணத்தை வாசலில் நின்ற தண்ணீரை வைத்து அளக்காமல், இழந்த கூலி நாட்களை வைத்து அளக்க வேண்டும். அதற்கு விதியில் இடம் இருக்கிறது, முன்னுதாரணம் இருக்கிறது, பயனாளிகள் பட்டியலும் இருக்கிறது. முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் ஒரே புயலுக்கு ஒரே அளவுகோல் இருக்க இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்களுக்குக் கூலி நிர்ணயிக்க வேண்டும். உப்பளத் தொழிலாளியின் 5,000 ரூபாயை, அவர் உண்மையிலேயே வேலை இல்லாமல் இருக்கும் மாதங்களுக்கு ஏற்றபடி உயர்த்த வேண்டும். 2025-26-க்குப் பிறகான ஐந்தாண்டுகளுக்கு வகுக்கும் பேரிடர் விதிகளில் உப்பளத் தொழிலாளி என்ற பெயரைச் சேர்க்கும்படி, விழுப்புரம் மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டும்.